விவசாயி கைக்கு ரேடியோவைக் கொண்டுபோனவர்: யார் இந்த ஆல் கிராஸ்? சி.பி. ரேடியோ வாங்கும்முன் என்ன பார்க்கணும்?

சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு யானையும் காட்டுப்பன்றியும் புதுசு இல்லை. ராத்திரி காவலுக்குப் போகிறவர் கையில் செல்போன் இருக்கும். ஆனால் டவர் கிடைக்காத இடத்தில் அது வெறும் டார்ச் லைட்தான். ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கி இருந்தால் இந்தத் தோப்பில் இருந்து அந்தத் தோப்புக்கு ஒரு குரல் கொடுத்துவிடலாமே என்று ஆன்லைனில் தேடினால், ரகரகமாக வந்து நிற்கிறது. எத்தனை சேனல், எத்தனை வாட்ஸ், எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்கு சொல்கிறது. எதை வாங்கலாம், எதை வாங்கினால் சட்டச் சிக்கல் வரும்?

இந்தக் கேள்விக்கான பதில், ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையோடு பின்னிக் கிடக்கிறது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த ரேடியோவைச் சாதாரண மக்கள் கையில் கொடுக்கப் பாடுபட்டவர் அவர். பெயர் ஆல் கிராஸ்.

கப்பலில் கேட்ட சத்தம்

1918 பிப்ரவரி 22-ல் கனடாவின் டொரண்டோவில் பிறந்தவர் கிராஸ். பெற்றோர் ருமேனியாவில் இருந்து குடியேறிய யூதர்கள். வளர்ந்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில். 9 வயதில் ஈரி ஏரியில் நீராவிக் கப்பலில் போனபோது, சுற்றித் திரிந்த பையன் ரேடியோ அறைக்குள் நுழைந்துவிட்டான். அங்கிருந்தவர் விரட்டாமல், காதில் வைத்துக் கேட்கக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பித்து கடைசிவரை விடவில்லை.

12 வயதில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்து வீட்டின் நிலவறையை ரேடியோ நிலையமாக மாற்றினார். 16 வயதில் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினார். கல்லூரியில் மின் பொறியியல் படிக்கும்போதே அவருக்கு ஒரு யோசனை: ரேடியோவை ஏன் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது?

அன்றைக்கு 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. அதிர்வெண் கூடக்கூட அலைநீளம் குறையும், ஆன்டெனாவும் சின்னதாகும். கைக்கு அடக்கமான கருவி வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும் என்று கிராஸ் கணித்தார். 1938-ல் அவருடைய வாக்கி-டாக்கி தயாரானது. அதே காலத்தில் கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் என்பவரும் தனியாக ஒன்றைச் செய்திருந்தார். அதனால் வாக்கி-டாக்கியின் தந்தை யார் என்பதில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

போரில் ரகசியம், போருக்குப் பின் சந்தை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பு கிராஸை அழைத்துக்கொண்டது. எதிரி நாட்டுக்குள் இருக்கும் உளவாளி கையில் ஒரு சின்னக் கருவி. தலைக்கு மேலே 30,000 அடிக்கும் உயரத்தில் வட்டமிடும் விமானத்தில் இன்னொரு கருவி. இரண்டும் சுமார் 260 மெகாஹெர்ட்ஸில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். தரையில் இருந்து ஒட்டுக்கேட்பது எதிரிக்கு மிகவும் சிரமம். ஜோன்-எலினார் என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்களில் கிராஸும் ஒருவர். 1976 வரை இது ரகசியமாகவே இருந்தது.

போர் முடிந்ததும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், பொதுமக்களுக்கு என்றே 460 மெகாஹெர்ட்ஸையொட்டி ஓர் அலைவரிசையை ஒதுக்கியது. குடிமக்கள் ரேடியோ என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. சி.பி. என்பதும் குடிமக்கள் அலைவரிசை என்பதன் சுருக்கம்தான். அதற்கான கருவி செய்து 1948-ல் முதன்முதலில் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்றவர் கிராஸ். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை அவர் விற்றார். வாங்கியதில் பெரும்பங்கு யார் தெரியுமா? விவசாயிகளும் கடலோரக் காவல் படையும்தான்.

முந்திக்கொண்டதால் வந்த நஷ்டம்

காமிக்ஸ் ஓவியர் செஸ்டர் கோல்டின் துப்பறிவாளர் டிக் டிரேசி, மணிக்கட்டில் ரேடியோ கட்டிக்கொண்டு பேசுவார். அதற்குத் தூண்டுதல் கிராஸின் பட்டறையில் பார்த்த கருவிதான். 1949-ல் மருத்துவர்களை அவசரத்துக்கு அழைக்க பேஜரை உருவாக்கினார் கிராஸ். நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று மருத்துவர்களே அதை அப்போது விரும்பவில்லை. கையில் எடுத்துச்செல்லும் தொலைபேசி பற்றி 1950-களில் தொலைபேசி நிறுவனங்களிடம் பேசிப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

இதற்கிடையே 1958-ல் அமெரிக்கா 27 மெகாஹெர்ட்ஸில் 23 சேனல்களைத் திறந்துவிட்டது. அங்கே கருவி செய்வது மலிவு. 1973 எண்ணெய் நெருக்கடியில், எந்த பங்கில் டீசல் இருக்கிறது என்று லாரி டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சி.பி. ரேடியோதான் கைகொடுத்தது. கூட்டம் தாங்காமல் 1977-ல் சேனல்கள் 40 ஆயின. ஆனால் கிராஸின் முக்கியமான காப்புரிமைகள் 1971-லேயே காலாவதியாகிவிட்டன. உலகமே அவர் யோசனையில் பேச ஆரம்பித்தபோது, அவருக்குச் சல்லிக்காசு வரவில்லை. சம்பளத்துக்குப் பொறியாளராகவே வேலை பார்த்தார்; 80 வயதைக் கடந்தும் ஓயவில்லை. 2000-ல் எம்.ஐ.டி.யின் லெமல்சன் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 21-ல் காலமானார்.

சரி, இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் 2005-ல் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. சக்தி அதிகபட்சம் 5 வாட்ஸ். இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. அமெரிக்கக் கணக்கில் சேனல் 1 என்பது 26.965 மெகாஹெர்ட்ஸ், 27 என்பது 27.275, 40 என்பது 27.405. அப்படின்னா, வெளிநாட்டு 40 சேனல் செட்டில் 1 முதல் 27 வரைதான் நம் எல்லைக்குள் வரும். 28-ல் இருந்து மேலே போனால் விதிக்கு வெளியே.

2018-ல் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தி கருவிகளுக்கும் உரிம விலக்கு கிடைத்தது. கிராஸ் 1948-ல் ஒப்புதல் வாங்கிய அலைவரிசைக்கு இது பக்கத்து வீடு மாதிரி.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார், எங்கே நின்று, எவ்வளவு தூரத்தில் இருப்பவரோடு பேசப்போகிறார்? வாங்குகிறவர் அதிலேயே தொடங்கலாம்.

27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் அலை ஆன்டெனாவே இரண்டேமுக்கால் மீட்டர் வரும். வாகனத்தின் மேலே நீள ஆன்டெனா வைத்தால் நன்றாகப் பேசும். அதையே ஒரு சாண் ஆன்டெனாவோடு கைச்செட்டாக வாங்கினால் பலம் பாதி போய்விடும். சூரியனின் செயல்பாடு கூடும் ஆண்டுகளில் தூர தேசத்துக் குரல்கள் வேறு வந்து குறுக்கிடும்.

446 மெகாஹெர்ட்ஸ் கைச்செட்டுக்குச் சின்ன ஆன்டெனா போதும். ஆனால் குன்றோ அடர்ந்த தோப்போ நடுவில் வந்தால் ஓரிரு கிலோமீட்டரே பெரிய விஷயம். பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், அது தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. வாங்கியதும் உங்கள் தோப்பிலேயே நடந்து பார்த்துச் சோதியுங்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியது, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் சான்று. அது இல்லாமலும், கண்ட அதிர்வெண்ணில் எல்லாம் பேசும்படியாகவும் ஆன்லைனில் விற்கப்படும் வாக்கி-டாக்கிகளைக் கட்டுப்படுத்த 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. காரணம் சும்மா இல்லை. போலீஸ், விமானம், கப்பல் பேசும் அலைவரிசையில் தெரியாமல் பட்டனை அழுத்தினாலும், ஒருவரின் உயிர் காக்கும் செய்தி அங்கே மறைந்துபோகலாம்.

இன்னொன்றும் மனசில் இருக்கட்டும். இந்தச் சேனல்கள் பொதுக் கிணறு மாதிரி. யாரும் இறைக்கலாம், யாரும் கேட்கலாம், இது எனக்கு மட்டும்னு யாரும் சொல்ல முடியாது. ரகசியம் பேசாதீர்கள். பட்டனை அழுத்தி, சுருக்கமாகச் சொல்லிவிட்டு, விட்டுவிடுங்கள். நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்காது. பக்கத்துத் தோப்பில் யானை இறங்கிவிட்டது என்ற செய்தி அந்த நேரத்தில்கூட வரலாம்.