சுபேதார் ராம்ஜி சக்பால்: ஓர் ஓய்வூதியமும் ஒற்றை அறைப் பள்ளியும்

பி.ஆர். அம்பேத்கர் என்று ஆயிரம் முறை எழுதியிருக்கிறோம். நடுவில் நிற்கும் 'ஆர்' என்ற எழுத்தை ஓர் ஆளாக நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆர், ராம்ஜி மாலோஜி சக்பால். பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர்; படைப்பள்ளியின் தலைமையாசிரியர்; பதினான்கு பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் ஐவரை மட்டுமே வளர்ந்து நிற்கக் கண்டவர். ஏப்ரல் 14 விழா மேடைகளில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து மறைந்துவிடுகிறது.

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் இருந்துகொண்டு கொங்கண மண்ணின் சுபேதார் ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கப்படலாம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பகுதியில் 'சொல்தா' என்ற சொல்லுக்கு இன்றும் பொருள் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவரைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படித்தான் அழைத்தார்கள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமூகச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். நிலமில்லாத ஒரு குடும்பத்திற்குள் மாதந்தோறும் தவறாமல் வரும் ஓய்வூதியம் என்ன செய்யும் என்பதை நம் தெருக்கள் அறியும். பண்ணையார் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். ராம்ஜியின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வாசல் நமக்கு இல்லை.

ராம்ஜியின் பூர்வீகம் இரத்தினகிரி மாவட்டத்தின் அம்பாவடே. ஊரில் மகர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது ஊர்ப்பணி: காவல் காப்பது, செய்தி கொண்டுபோவது, செத்த மாட்டை அகற்றுவது. அதிலிருந்து வெளியேறும் ஒரே பெருவழியாக அன்று பம்பாய்ப் படை இருந்தது. 1818 சனவரி 1 அன்று பீமா கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற பிரித்தானியப் படையில் மகர் வீரர்கள் இருந்தார்கள். அங்குள்ள நினைவுத்தூணில் அவர்கள் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. ராம்ஜியின் தந்தை மாலோஜியும் படைவீரரே. ராம்ஜி மணந்த பீமாபாயின் வீடோ, தந்தையும் அவருடைய சகோதரர்களும் சுபேதார் மேஜர்களாக இருந்த வீடு. மாப்பிள்ளை அப்போது சாதாரணச் சிப்பாய். அதனால் பெண் வீட்டாருக்குத் தொடக்கத்தில் மனக்குறை இருந்தது.

படையில் கிடைத்த சம்பளத்தைவிடப் பெரியது அங்கிருந்த கல்வி. சிப்பாய்களுக்கும் அவர்களுடைய ஆண், பெண் குழந்தைகளுக்கும் படிப்பு கட்டாயமாக இருந்தது. ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூட இடமில்லாத ஒரு சாதியின் பெண்கள், பாசறைக்குள் எழுதப் படிக்கக் கற்றார்கள். ராம்ஜி பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் படைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். மராத்தியும் ஆங்கிலமும் நன்கறிந்தவர். மகாத்மா சோதிராவ் புலேவைப் போற்றியவர். கபீர் பந்த்தைச் சேர்ந்தவர்; புலாலும் மதுவும் தொடாதவர். 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் பாசறையில் அவருடைய பதினான்காவது பிள்ளை பிறந்தது.

அடுத்த ஆண்டே அந்தப் பெருவழி அடைக்கப்பட்டது. 1892 அளவில், படையில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. போர்க்குணம் சில இனங்களுக்கே உரியது என்ற கோட்பாடு அப்போது ஆங்கிலேயத் தளபதிகளிடம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதை முன்னின்று பரப்பிய பிரெடரிக் ராபர்ட்ஸ், இந்தியத் தலைமைத் தளபதி ஆவதற்குமுன் சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர். தென்னிந்தியர் போருக்கு ஆகாதவர் என்ற முடிவுக்கு இங்கேதான் வந்தார். பறையர் வீரர்கள் திரளாகப் பணியாற்றிய சென்னைப் படையும் அக்காலத்தில் சுருக்கப்பட்டது. ஒரு சாதியை முழுவதுமாகத் தகுதியற்றது என்று முத்திரை குத்த ஒரு நிர்வாக ஆணையே போதுமானதாக இருந்தது. முறையிட மன்றமும் இல்லை, மேற்கோள் காட்ட அடிப்படை உரிமையும் இல்லை. கையில் இருந்தது மனு ஒன்றுதான்.

அந்த மனுவை ராம்ஜி எடுத்தார். நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடேவை அணுகி, தடையை நீக்கக் கோரும் விண்ணப்பத்தை வரைவதில் அவருடைய உதவியைப் பெற்றார் என்று அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் 1894இல் இதே கோரிக்கையோடு ஒரு மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மீண்டும் முறையிட்டார். நம் உரிமைப் போராட்டத்தின் முதல் ஆவணங்களுள் பல இப்படிப் படைவீரர்களின் கையெழுத்தில் பிறந்தவை என்பதைச் சட்டம் பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மகர் படையணி ஒன்று திரட்டப்பட்டது. போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் நிலைபெற்றது. அப்போது அதற்காக வாதாடியவர் ராம்ஜியின் மகன்.

ஓய்வுபெற்றபோது ராம்ஜிக்கு மாத ஓய்வூதியம் 50 ரூபாய். குடும்பம் தபோலிக்கும், பின்னர் சதாராவுக்கும் பெயர்ந்தது. சதாராவில் பீமாபாய் இறந்தார். கடைசி மகனுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கூன்முதுகு கொண்ட அத்தை மீராபாய் பிள்ளைகளை வளர்த்தார். அம்பேத்கரின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பெண்ணுக்குத் தர வேண்டிய இடத்தை இன்னும் தரவில்லை என்பது நம் கருத்து. சில ஆண்டுகளில் ராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்ட சிறுவன் கொதித்தான். தந்தையின் சோற்றை உண்ணாமல் பம்பாய் ஆலையில் வேலை தேடிப் போய்விட வேண்டும் என்று திட்டமிட்டான். வழிச்செலவுக்கு அத்தையின் பணப்பையை இரவில் எடுத்தபோது அதில் இருந்தது அரை அணா. திட்டம் கைவிடப்பட்டது, படிப்பு பிடித்துக்கொண்டது.

வீட்டில் படைப்பள்ளியின் ஒழுங்கு நடந்தது. மாலையில் வழிபாட்டு நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் வந்து அமர்ந்தாக வேண்டும். கபீர் பாடல்களும் மராத்திய பக்திக் கவிகளும் பாடப்படும். இராமாயண, பாரதப் பகுதிகளைப் பிள்ளைகளே உரக்கப் படிக்க வேண்டும். ஒருநாள் மகன் கேட்டான்: பிராமணரையும் சத்திரியரையும் உயர்த்தி, சூத்திரரையும் தீண்டப்படாதாரையும் தாழ்த்தும் இந்நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும்? ராம்ஜி முதலில் அவனை அடக்கினார். பின்னர் அவன் மீண்டும் கேட்டபோது, நம்மைப் போன்றோர் மனத்தில் தாழ்வுணர்ச்சி எளிதில் குடிகொள்ளும், துரோணனும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்கள், வால்மீகி கோலி குலத்தவர், இவர்களைப் படித்தால் அவ்வுணர்ச்சி அகலும் என்று விளக்கினார். மகனுக்கு அது போதவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின், புத்தரைப் பற்றிய தம் நூலுக்கு எழுதிய முன்னுரையில் அம்பேத்கர் இந்த உரையாடலை நினைவுகூர்ந்து, அந்த விடையில் தமக்கு நிறைவு ஏற்படவில்லை என்று பதிந்திருக்கிறார். பக்தியை விட்டுவிலக ராம்ஜியால் இயலவில்லை. ஆயினும் தன் நம்பிக்கையையே கேள்வி கேட்கும் பிள்ளையைத் தன் கூடத்திலேயே வளர்த்தார். நம் இயக்க வீடுகளில்கூட இன்று எத்தனை தந்தையர் இதைச் செய்வர் என்று தெரியவில்லை.

ஓய்வூதியம் போதாமல் ராம்ஜி மறுபடி வேலைக்குப் போனார். பஞ்ச நிவாரணமாக ஏரி வெட்டும் பணி நடந்த கோரேகாவில் அவருக்குக் காசாளர் வேலை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே வரச் சொன்னார். புத்தாடையும் சரிகைத் தொப்பியும் அணிந்து சிறுவர்கள் மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப்போக ஆளில்லை; அவர்கள் எழுதிய கடிதத்தைப் பணியாள் ராம்ஜியிடம் சேர்க்கத் தவறிவிட்டான். பிள்ளைகள் மகர்கள் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு இசைந்தான். வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். கட்டுச்சோறு கையில் இருந்தும் குடிநீர் கிடைக்காததால் உண்ண முடியாமல், இரவு முழுவதும் பசியோடு கிடந்து மறுநாள் முற்பகலில் தந்தையிடம் போய்ச் சேர்ந்தார்கள். சுபேதாரின் பதவியும் அரசு வேலையும் பிள்ளைகளுக்கு நல்ல உடையை வாங்கித் தந்தன. ஒரு குவளைத் தண்ணீரை வாங்கித் தர அவற்றால் முடியவில்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவைப் படிக்கும்போது இந்த வண்டிப் பயணத்தையும் சேர்த்துப் படிப்பது நம் வழக்கம்.

1904இல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பரேல் பகுதியில் ஒற்றை அறை. அதுவே அடுப்படி, அதுவே படுக்கை, அதுவே படிப்பறை. ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார்: மகனை முன்னிரவிலேயே உறங்க வைப்பார், தாம் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து அவனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு அந்த இடத்தில் தாம் படுப்பார். மகன் கேட்ட புத்தகம் வாங்கக் காசில்லையென்றால் மணமான இளைய மகளிடம் போவார். அங்கே இல்லையென்றால் மூத்தவளிடம். அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

இதை மெச்சும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வசதி அவ்வீட்டில் இல்லை. ஆனந்தராவின் படிப்பு நின்றது. அவர் வேலைக்குப் போனார். மஞ்சுளா, துளசி ஆகிய சகோதரிகளின் கழுத்துநகை தம்பியின் புத்தகமாயிற்று. ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களின் வாழ்வை அவன்மேல் முதலீடு செய்யும் கொடிய கணக்கு, வறுமை ஒடுக்கப்பட்ட குடும்பங்கள்மேல் சுமத்துவது. கல்லூரியில் முதல் தலைமுறையாக நுழையும் நம் மாணவர்கள் பலரின் பின்னால் இன்றும் ஓர் ஆனந்தராவ் இருக்கிறார்.

அந்த வீட்டின் அச்சாணி ஓய்வூதியம். அது இல்லாதிருந்தால் அடகுக்கடையில் நகை மீண்டிருக்காது. 2022 சூனில் ஒன்றிய அரசு கொண்டுவந்த அக்னிபத் திட்டம், நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் நான்கில் மூவரை ஓய்வூதியமின்றி வெளியே அனுப்புகிறது. இடஒதுக்கீடு ஏற்கெனவே இல்லாத படைச் சேர்ப்பில், ஏழைச் சாதிகளுக்குக் கிடைத்துவந்த மாதப் பணமும் இப்படிப் பறிபோகிறது. பாதுகாப்புக் கொள்கை விவாதமாக மட்டும் இதைப் பார்ப்போர், ராம்ஜியின் வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மகன் பள்ளித் தேர்வொன்றில் வென்றபோது சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். பையனின் தலை கனத்துவிடும் என்று ராம்ஜி மறுத்தார். குடும்ப நண்பர் கேலூஸ்கர் வாதாடி இசைய வைத்தார். அக்கூட்டத்தில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைச் சிறுவனுக்குப் பரிசளித்தார். வைதீக நூல்களை மட்டுமே வீட்டுக்குள் விட்டிருந்த தந்தையின் இசைவோடு அந்தப் புத்தகமும் உள்ளே வந்தது.

1912இல் மகன் பி.ஏ. முடித்தார். உதவித்தொகை தந்த பரோடா அரசில் பணியேற்க வேண்டும். அங்கு நிலவிய சாதி இறுக்கத்தை எண்ணி ராம்ஜி தடுத்தார். மகன் கேளாமல் 1913 சனவரியில் போனார். சில நாட்களிலேயே தந்தையின் உடல்நிலை குறித்துத் தந்தி வந்தது. திரும்பும் வழியில், அப்பாவுக்குப் பிடித்த இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கினார், வண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் சேர முடிந்தது. ராம்ஜி மகனைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். பிப்ரவரி 2 அன்று உயிர் பிரிந்தது.

அவ்வாண்டு சூலையில் மகன் நியூயார்க்கில் இறங்கிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1923இல், ரூபாயின் சிக்கலை ஆராயும் அவருடைய பொருளியல் நூல் இலண்டனில் வெளிவந்தது. தம் கல்விக்காகப் பெற்றோர் செய்த தியாகங்களுக்கு நன்றியாக அதை அவர்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார்.