ஓவியர் மணியம்

தொடர்கதைக்குப் படம் வரைவோர்க்கு நேரும் பெருஞ் சங்கடம், கண்ணாற் காணாதவர்களைக் கண்டவர்போல் வரைய வேண்டியதேயாம். 1924-இற் பிறந்த மணியம், மயிலைவாசி; சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, இளமையிலேயே கல்கி இதழிற் சேர்ந்தவர். 1950-இற் பொன்னியின் செல்வன் தொடங்கிற்று. சோழர் காலத்தார் எங்ஙனம் உடுத்தனர், எவ்வணி பூண்டனர் என்று காட்டப் புகைப்படம் ஏது? ஆசிரியர் கல்கியுடன் அஜந்தா, எல்லோரா, இலங்கை ஆகிய இடங்களுக்குச் சென்று சிற்பங்களையும் சுவரோவியங்களையும் நேரிற் கண்டு வந்தவராதலின், முடியும் குண்டலமும் கச்சையும் அவருக்குக் கல்லிலிருந்தே கிட்டின. முகங்களை மட்டும் தாமே படைத்தார். நந்தினியின் கொண்டையைக் கதை வாசியாதாரும் அறிவரன்றோ! வாரந்தோறும் தவணை தப்பாமல் இத்துணை நுணுக்கம் காட்டியது பெருவியப்பு. 1960-இல் வெளிவந்த பார்த்திபன் கனவு திரைப்படத்திலும் கலைப்பணி புரிந்தார். 1968-இல், 44 வயதிற் காலமானார். இன்று வந்தியத்தேவனை வரையப் புகும் ஓவியர் பலர் முதலிற் புரட்டுவது மணியத்தின் படங்களையே.