ஒற்றைக் கையால் ஒரு கட்சியை எழுப்பியவர்

ஒருவரின் வாழ்வை அவர் வகித்த பதவிகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் கர்ட் ஷூமாக்கர் தோற்றவர் வரிசையிலேயே நிற்பார். ஆட்சித் தலைமையும் குடியரசுத் தலைவர் பதவியும் அவர் கைக்கெட்டும் தொலைவில் வந்து நழுவிப்போயின. ஆயினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் மக்களாட்சி வேரூன்றிய வரலாற்றை அவர் பெயரை விலக்கி எழுத இயலாது. அதன் காரணத்தையே இக்கட்டுரையில் காண விழைகிறோம்.

ஷூமாக்கர் 1895 அக்டோபர் 13 அன்று மேற்குப் பிரஷ்யாவின் குல்ம் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் பள்ளியிலிருந்து நேரே படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கிழக்குப் போர்முனையில் படுகாயமுற்று வலக் கையை முற்றிலும் இழந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

கை போயிற்றே என்று அவர் கலங்கி அமர்ந்துவிடவில்லை. சட்டமும் பொருளியலும் பயின்றார். 1918இல் சமூக ஜனநாயகக் கட்சியில் இணைந்தார். போரில் உறுப்பிழந்தோர் சங்கத்தின் சார்பில் பெர்லின் தொழிலாளர், படைவீரர் மன்றத்தில் இடம்பெற்றார். 1920இல் ஸ்டுட்கார்ட் நகரில் கட்சி நாளேட்டின் ஆசிரியரானார். 1924இல் வூர்ட்டம்பர்க் சட்டமன்றத்திலும், 1930இல் நாடாளுமன்றத்திலும் உறுப்பினரானார்.

1932 பிப்ரவரி 23 அவர் வாழ்வில் மறக்க முடியாத நாள். நாஜிக் கட்சியின் கோயபல்ஸ், சமூக ஜனநாயகக் கட்சியைப் போர்க்களம் விட்டு ஓடியோரின் கட்சி என இழித்துரைத்தார். போரில் கையைக் கொடுத்த ஷூமாக்கர் எழுந்தார். மனிதருள் உறங்கும் இழிந்த விலங்குணர்ச்சியைத் தட்டி எழுப்புவதே நாஜிகளின் அரசியல் என்று அவையிலேயே அம்பலப்படுத்தினார். அந்தச் சிற்றுரையை நாஜிகள் மறக்கவில்லை. 1933 மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் வழங்கும் சட்டத்தை எதிர்த்து அக்கட்சியின் 94 உறுப்பினர்கள் வாக்களித்தனர். ஜூலையில் ஷூமாக்கர் கைது செய்யப்பட்டார். 1943 மார்ச் வரை, ஏறத்தாழப் பத்தாண்டுகள், வதைமுகாம்களில் கழிந்தன. அவற்றுள் பெரும்பகுதி டாஹாவ் முகாமில். அங்கும் உண்ணாநோன்பிருந்து கொடுமையை எதிர்த்தார். வெளிவந்தபோது உடல் நொறுங்கியிருந்தது, உறுதி நொறுங்கவில்லை. 1944இல் மீண்டும் சில வாரங்கள் சிறையிருந்தார்.

1945 ஏப்ரலில் ஹானோவர் நகர் நேசப் படைகளின் வசமாயிற்று. போர் முற்றிலும் ஓயும் முன்பே, இடிபாடுகளின் நடுவே, தோழர்களைத் திரட்டிக் கட்சியை மீண்டும் எழுப்பினார். கிழக்கே சோவியத் படையினர் ஆண்ட பகுதியில் சமூக ஜனநாயகக் கட்சியைப் பொதுவுடைமைக் கட்சியோடு இணைக்கும் முயற்சி நடந்தது. சுதந்திரமற்ற சமத்துவம் சமத்துவமன்று எனக் கருதிய அவர் அதனை வன்மையாக எதிர்த்தார். மேற்குப் பகுதியில் கட்சி தனித்து நிலைத்தமைக்கு அவருடைய உறுதி ஒரு பெருங்காரணம். 1946 மே மாதம் அக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1948இல் நோய் முற்றி இடக் காலும் வெட்டி எடுக்கப்பட்டது. ஒரு கையும் ஒரு காலும் இழந்த அம்மனிதர், தம் செயலாளர் அன்னெமரி ரெங்கர் தாங்கிவர அவைக்கு வந்து அமர்ந்த காட்சியை நாடே கண்டது. அந்த அம்மையாரே 1972இல் அதே அவையின் முதல் பெண் தலைவரானார்.

1949 ஆகஸ்ட் தேர்தலில் அடினாவரின் அணி 31.0 விழுக்காடும், ஷூமாக்கரின் கட்சி 29.2 விழுக்காடும் வாக்குகள் பெற்றன. செப்டம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ஷூமாக்கர் தோற்றார். அடினாவர் தேவையான 202 வாக்குகளை ஒன்றுகூட மிகாமல் பெற்று ஆட்சித் தலைவரானார். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த ஷூமாக்கர், செப்டம்பர் 21 அன்று ஆற்றிய முதல் பேருரையிலேயே, அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமையை அவை அறிய எடுத்துரைத்தார்; அரசின் அறிக்கை அதுபற்றிப் போதிய அளவு பேசவில்லை எனக் குறை கூறினார். பலரும் மறக்க விரும்பியதை நினைவூட்டத் துணிந்த குரல் அது.

அவரிடம் குறையே இல்லை என நாம் சொல்லமாட்டோம். நாவில் கடுமை மிகுந்திருந்தது. 1949 நவம்பரில் அடினாவரை நேசநாடுகளின் ஆட்சித் தலைவர் எனச் சாடியதால் இருபது அமர்வுகளுக்கு நீக்கப்பட்டார். பின்னர் சமரசம் ஏற்பட்டுத் தண்டனை முன்னதாகவே விலக்கப்பட்டது. ஜெர்மானிய ஒற்றுமை தடைப்படும் என அஞ்சி, ஐரோப்பிய நிலக்கரி, எஃகுக் கூட்டமைப்பை எதிர்த்தார். காலம் அக்கூட்டமைப்பின் பக்கமே சாய்ந்தது.

1952 ஆகஸ்ட் 20 அன்று பான் நகரில் அவர் மறைந்தார். ஹானோவரில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில், நாஜிக் கொடுமைக்கு ஈடு செய்யும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆளுங்கூட்டணியில் பலர் விலகி நின்றனர். ஷூமாக்கரின் கட்சி ஒருமித்து ஆதரித்ததாலேயே அது நிறைவேறியது. ஆட்சியைப் பிடிக்காத தலைவர் நாட்டின் மனச்சான்றுக்குச் செய்த தொண்டு இதுவே.

மாணவச் செல்வங்களே! வெற்றி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தோற்ற இடத்திலும் அறத்தின் பக்கம் நின்று பேசுவது யார்க்கும் இயலும். அதற்கு இரு கைகளும் இரு கால்களும்கூட வேண்டியதில்லை என்பதை ஷூமாக்கரின் வாழ்வில் நாம் கற்கிறோம்.