கண்ணாடிக்காக மந்திரி பதவியைத் துறந்தவர்

மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப் பல்லுக்கும் ஏழைகளிடம் காசு வாங்கக்கூடாது என்று சொல்லி, மந்திரி பதவியையே உதறினார் ஒருவர்.

அவர்தான் பிரிட்டனைச் சேர்ந்த அனைரின் பெவன்.

சுரங்கத் தொழிலாளி

வேல்ஸ் பகுதியில் திரெடீகர் என்று ஓர் ஊர். அங்கே நிலக்கரிச் சுரங்க வேலைதான் பிழைப்பு. 1897-ம் ஆண்டு பெவன் அங்கே பிறந்தார். அவருக்குப் பேச்சு திக்கும். 13 வயதிலேயே சுரங்கத்தில் இறங்கினார்.

அவருடைய தந்தையும் சுரங்கத் தொழிலாளிதான். நிலக்கரித் தூசி நெஞ்சில் படிந்து, மூச்சுத் திணறி, 1925-ல் மகன் கையிலேயே உயிர் விட்டார். நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஊர்த் தொழிலாளர்கள் ஒரு வைத்திய உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். கூலியில் சிறு தொகை கட்டினால் போதும். வைத்தியம் கிடைக்கும். கண்ணாடியும் பொய்ப் பல்லும் மலிவாகக் கிடைக்கும். நாடு முழுவதற்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று பெவன் விரும்பினார்.

எல்லாம் இலவசம்

1929-ல் அவர் பார்லிமெண்டு மெம்பர் ஆனார். 1945-ல் சுகாதார மந்திரி ஆனார்.

1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி அவருடைய திட்டம் அமலுக்கு வந்தது. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் இலவசம். கண்ணாடி, பொய்ப் பல், காது கேட்கும் கருவி ஆகியவையும் இலவசம். வரிப் பணத்தில் இருந்து சர்க்கார் செலவு செய்தது.

அதற்கு முன்பு ஏழைகள் கடைத் தட்டில் கிடக்கும் கண்ணாடிகளை மாட்டிப் பார்த்து, ஓரளவு தெளிவாகத் தெரிவதை வாங்குவார்கள். இப்போது கண்ணைச் சோதித்துக் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள் வழங்கப்பட்டன! செலவு எதிர்பார்த்ததை மிஞ்சியது.

ராஜினாமா

1951-ல் கொரியா யுத்தம் நடந்து கொண்டிருந்தது. ஆயுதங்களுக்காக 3 ஆண்டுகளில் 470 கோடி பவுண்டு செலவிடுவது என்று சர்க்கார் முடிவு செய்தது. பணத்துக்கு நெருக்கடி. கண்ணாடிக்கும் பொய்ப் பல்லுக்கும் பாதி விலை வாங்க நிதி மந்திரி கெயிட்ஸ்கல் ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டில் அதனால் மிச்சமாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுண்டுதான்.

பெவன் அப்போது தொழிலாளர் மந்திரி. இன்று கண்ணாடிக்குக் கட்டணம் வந்தால், நாளை மற்றதற்கும் வரும் என்று அஞ்சினார். ஏப்ரல் மாதம் ராஜினாமா செய்தார். ஆனாலும் கட்டணம் வந்தது. மறு ஆண்டில் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது.

1960-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பெவன் காலமானார். அவருடைய திட்டம் மட்டும் நிலைத்து நிற்கிறது. காது கேட்கும் கருவி அங்கே இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.