பவுல் எர்லிக்

சைலீசியா நாட்டில், இப்போது போலந்தைச் சார்ந்திருக்கும் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில், 1854-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள், யூதக் குடும்பமொன்றில் எர்லிக் பிறந்தார். அவருடைய தாய்வழி உறவினராகிய கார்ல் வைகெர்ட் என்பவர் உடற்கூறுகளைச் சாயமிட்டுப் பூதக்கண்ணாடியாற் காணும் வித்தையில் வல்லவர். அவரிடமிருந்து இளைஞருக்கும் அப்பித்துப் பற்றியது. மருத்துவம் பயிலச் சென்ற கலாசாலைகளிலெல்லாம் பாடங்களினும் சாயங்களிலேயே அவர் மனம் தோய்ந்திருந்தது. 1878-இல் லைப்சிக்கில் பட்டம் பெறுதற்கு அவர் எழுதிய ஆராய்ச்சியும் சாயங்களைப் பற்றியதே.

அந்நாளில் ஜெர்மானிய ஆலைகளில் புதிதாகத் தோன்றிய சாயங்களுள் ஈயோசின் என்பதொன்று. கிரேக்கரின் உதயதேவதையினாற் பெற்ற பெயர் அது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால், கதிரவன் எழுமுன் வானம் கொள்ளும் நிறத்தைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1879-இல் பெர்லினில் எர்லிக், உலர்த்திய இரத்தத்திற்கு இச்சாயமூட்டி நோக்கியபோது, வெள்ளணுக்களுள் சிலவற்றின் நுண்மணிகள் மாத்திரம் அதனை ஏற்றுச் செக்கச்செவேலெனத் தோன்றின. ஈயோசினை விரும்புவன என்னும் பொருள்பட அவ்வணுக்களுக்கு ஈயோசினோபில் எனப் பெயரிட்டார். மணிகள் நிறைந்த அணுக்களை முன்னரே கண்டாருமுளர். ஆயினும் அவற்றை இனம் பிரித்து எண்ண வழிகாட்டியவர் இவரே. நம் ஊரார் ஈஸ்னோபீலியா என்று வழங்குவது இவற்றின் மிகுதியையே.

1908-இல் நோபெல் பரிசும், 1910-இல் மேகநோய்க்கு மருந்து கண்ட பெரும்புகழும் அவரை அடைந்தன. 1915-இல் காலமானார். பலரும் அவரை அம்மருந்தினாலேயே நினைப்பர். இளமையில் அவர் செய்த அச்சிறு சோதனை அதனினும் தாழ்ந்ததன்று என்பது நம் கருத்து.

செங்கற்பட்டுப் பக்கத்தில் இவ்வணுக்கள் மிகுந்தனவெனின், குடற்புழுவையும் யானைக்கால் நோய்க்கிருமியையுமே வைத்தியர் முதலில் ஐயுறுவர், அது முறையே. ஆனால் புழுவின்றியும் சில குழந்தைகளின் இரைப்பையிலும் குடலிலும் இவை அளவிறந்து திரளும். உணவுக்குழாயிலோ இவை இயல்பாக இருப்பதேயில்லை. அங்குத் திரளின், பிள்ளை விழுங்கமாட்டாது, உண்டதைக் கக்கும், ஊட்டும் கையைத் தள்ளும், கவளந்தோறும் தண்ணீர் கேட்கும், உடலும் தேறாது. வீட்டாரோ பிடிவாதமென்று அதட்டுவர். பிள்ளை என் செய்யும்?

1995-இல் அமெரிக்காவில், இங்ஙனம் துன்புற்ற பத்துக் குழந்தைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, அமினோ அமிலங்களாலாகிய பானத்தையே முக்கியமாக ஊட்டினர். எண்மர்க்குத் துன்பம் முற்றும் நீங்கிற்று, இருவர்க்குத் தணிந்தது. பழைய உணவுகளை மீண்டும் அளிக்கத் துன்பமும் மீண்டது. இந்நோயில் பெரும்பாலும் பகையாவன பால், கோதுமை, முட்டை, சோயா என்பவை. நோயாளிப் பிள்ளைக்குப் பாலே கதியென்றிருக்கும் நம் வீடுகளில் இச்செய்தி கசக்கத்தான் செய்யும்.

இரத்தத்தில் இவ்வணுக்கள் மிகாதபோதும் இந்நோய் இருத்தல் கூடும். ஆதலின் உணவுக்குழாயினின்றே அணுவளவு தசையைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பர். 1965-இல் தோன்றிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியாயினும் பெர்லினாயினும், அத்தசைக்கு ஊட்டுஞ் சாயங்களுள் ஒன்று இன்றும் அந்த ஈயோசினே. பூதக்கண்ணாடியின் ஒரு வட்டத்துள் செவ்வணுமணிகள் கொண்டவை 15-க்குக் குறையாதிருப்பின், அப்பிள்ளை உண்ண மறுத்ததற்குக் காரணம் வைத்தியர் கண்முன் நிற்கும்.