அரசி லிலியுகலானி: நாடிழப்பும் எழுத்தும்

முன்னுரை

பசிபிக் பெருங்கடலின் நடுவே தனியரசாக விளங்கிய ஹவாய்த் தீவுகள் 1898இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் இணைக்கப்பட்டன. அவ்வரசின் இறுதி ஆட்சியாளர் அரசி லிலியுகலானி (1838–1917). படைவலியால் காக்க இயலாத நாட்டுரிமையை அவர் எழுத்தின்வழிக் காக்க முயன்றார். அவர்தம் வாழ்வில் அம்முயற்சி பெறும் இடத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

லிலியுகலானி 1838 செப்டம்பர் 2ஆம் நாள் ஹொனலுலுவில் தலைவர் குடியில் பிறந்தார். குழந்தையை மற்றொரு குடும்பத்திற்கு வளர்க்கக் கொடுத்து இரு குடிகளையும் உறவால் பிணைப்பது ஹவாய் மக்களின் வழக்கம். அதன்படி அவரைப் பாக்கி, கோனியா இணையர் வளர்த்தனர். அமெரிக்கச் சமயப் பரப்பாளர் நடத்திய அரசகுலச் சிறார் பள்ளியில் அவர் ஆங்கிலம் பயின்றார். தாய்மொழிப் பாடல் மரபிலும் மேலை இசையிலும் தேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றினார். 'அலோஹா ஓயே' அவற்றுள் உலகறிந்தது.

ஆட்சியும் அகற்றமும்

அவருடைய தமையன் கலாகௌவா 1874இல் அரசரானார். 1875ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஹவாய்ச் சர்க்கரை அமெரிக்கச் சந்தையில் வரியின்றி விற்கப்பட்டது. கரும்புத் தோட்ட உரிமையாளரின் செல்வாக்கும் உடன் வளர்ந்தது. 1887இல் ஆயுதம் தாங்கியோரின் அச்சுறுத்தலுக்கு உள்ளாகி, தம் அதிகாரத்தைச் சுருக்கும் அரசமைப்பில் அரசர் ஒப்பமிட்டார். சொத்துத் தகுதி விதித்த அவ்வரசமைப்பால் தீவின் மண்ணின் மைந்தருள் பலர் வாக்குரிமையை இழந்தனர்.

1891 ஜனவரி 29இல் அரியணை ஏறிய லிலியுகலானி, 1893 ஜனவரி 14இல் அதனை மாற்றும் புதிய அரசமைப்பை அறிவிக்க முனைந்தார். இரண்டு நாட்களுக்குப் பின் 'பாஸ்டன்' போர்க்கப்பலிலிருந்து அமெரிக்கப் படையினர் 162 பேர் தரையிறங்கினர். மறுநாள் இடைக்கால அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. அரசி குருதி சிந்துவதைத் தவிர்க்கப் பணிந்தார். எனினும், தாம் பணிவது இடைக்கால அரசுக்கன்று, அமெரிக்காவின் மேலான படைவலிக்கே என்றும், உண்மையறிந்து அந்நாடு தம்மை மீண்டும் அமர்த்தும்வரை மட்டுமே என்றும் எழுதினார். பணிவோலையே முறையீட்டோலையும் ஆயிற்று.

சிறையும் குமுலிப்போவும்

1895 ஜனவரியில் அரசிக்கு ஆதரவாக எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது; அவரும் கைதானார். கிளர்ச்சியாளரின் உயிரைக் காக்க எண்ணித் துறவு ஆவணத்தில் ஒப்பமிட்டார். அதில் கணவர் பெயரையும் சேர்த்து 'லிலியுகலானி டோமினிஸ்' என எழுதுமாறு பணிக்கப்பட்டார். அப்பெயருடையார் எவரும் இலர் எனப் பின்னர்த் தம் வரலாற்றில் சுட்டி, அவ்வொப்பத்தின் செல்லுபடியை மறுத்தார்.

அவர் ஐயோலானி அரண்மனையின் ஓர் அறையில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அடைக்கப்பட்டிருந்தார். அக்காலத்தில் குமுலிப்போவை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். 2,000க்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட அவ்வாய்மொழிப் படைப்புப்பாடல் ஆதியிருளில் தொடங்கி, பவளம், மீன், பறவை, மனிதர் என உயிர்த்தோற்றத்தைக் கூறி அரசகுல வழிமுறையில் முடிகிறது. நிலத்திற்கும் அரசகுலத்திற்கும் உள்ள உறவை உரைக்கும் அப்பாடலை 1897இல், இணைப்பு விவாதிக்கப்பட்ட வேளையில், அமெரிக்கர் மொழியில் அச்சிட்டமை உரிமைச் சான்றொன்றை முன்வைத்தமையாகவே கொள்ளத்தக்கது. தம் வரலாற்றை 1898இல் வெளியிட்டார்.

இணைப்பும் இறுதிக்காலமும்

1897ஆம் ஆண்டு இணைப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து அரசி முறையிட்டார். 21,000க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். செனட் அவையில் மூன்றில் இரு பங்கு ஆதரவு கிட்டாமல் ஒப்பந்தம் தேங்கியது. ஆனால் 1898இல் ஸ்பெயினுடன் மூண்ட போர் ஹவாயைப் படைவழித் தளமாக்கிற்று. எளிய பெரும்பான்மையே போதுமான கூட்டுத் தீர்மானத்தின்வழி இணைப்பு நிறைவேறியது. குடியரசுத் தலைவர் மெக்கின்லி ஜூலை 7இல் அதில் ஒப்பமிட்டார். ஆகஸ்டு 12இல் நடந்த கொடிமாற்ற விழாவில் அரசி கலந்துகொள்ளவில்லை. அரச நிலங்களுக்காக அவர் தொடுத்த வழக்கு 1910இல் தள்ளுபடியாயிற்று. 1917 நவம்பர் 11இல் மறைந்தார்.

முடிவுரை

லிலியுகலானியின் எழுத்து அவர் நாட்டை மீட்டுத் தரவில்லை. ஆயினும், ஆட்சி அகற்றத்திற்கு மன்னிப்புக் கோரி அமெரிக்க நாடாளுமன்றம் 1993இல் இயற்றிய தீர்மானம் அவருடைய 1893ஆம் ஆண்டுப் பணிவோலையை எடுத்தாள்கிறது. மக்கள் தம் இறைமையை நேரடியாக விட்டுக்கொடுத்ததில்லை என்பதையும் ஒப்புகிறது. நூறாண்டுக்குப் பின் அவ்வோலை சான்றாக நின்றதற்கு, யாருக்குப் பணிகிறோம், எதுவரை பணிகிறோம் என்பவற்றை அவர் வரையறுத்து எழுதியதே காரணம் எனலாம்.