உயிரின் தொடக்கத்தைத் தேடியவர்

கல்லுக்கு உயிர் இல்லை; புல்லுக்கு உயிர் உண்டு. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இப்புவியில் பாறையும் நீரும் காற்றும் மட்டுமே இருந்தன. உயிரற்ற அவற்றிலிருந்து முதல் உயிர் எவ்வாறு தோன்றியது? இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற அறிஞர்களுள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்த அவர் இந்தியக் குடிமகனாக மறைந்தார்.

ஹால்டேன் 1892 நவம்பர் 5 அன்று ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தை மூச்சியக்கத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் சேரும் தீய வளிகளைப் பற்றியும் ஆய்வு செய்தார். ஒருமுறை மகனையும் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஒரு பகுதியை ஒப்பிக்குமாறு கூறினார். சிறுவன் சில அடிகள் சொல்வதற்குள் மூச்சுத் திணறித் தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் நன்றாக மூச்சுவிட முடிந்தது. மீத்தேன் வளி காற்றைவிட எடை குறைந்தது. ஆகவே அது மேலே தங்கும் என்பதை அவன் தன் உடலாலேயே கற்றுக்கொண்டான். எதையும் சோதித்து அறியும் பழக்கம் அன்றே அவனுள் வேரூன்றியது.

முதல் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றிய ஹால்டேன் மெசபொடோமியாவில் காயமுற்றார். உடல்நலம் தேறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின்மீது அவருக்குப் பற்று உண்டாயிற்று. போருக்குப் பின் அவர் கேம்பிரிட்ஜிலும் பின்னர் இலண்டனிலும் பேராசிரியப் பணி ஆற்றினார். மரபியலில் பெரும்புகழ் பெற்றார்.

1929-ஆம் ஆண்டில் உயிரின் தோற்றம் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் கூறிய கருத்து இது: தொடக்கக் காலக் காற்றில் ஆக்சிஜன் இல்லை. ஆதலால் ஓசோன் படலமும் இல்லை. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தடையின்றிப் புவியை அடைந்தன. அவை நீர், கரியமில வளி, அம்மோனியா ஆகியவற்றின்மீது பட்டு, சர்க்கரையும் புரதத்துக்கு வேண்டிய பொருள்களும் உருவாயின. இன்று திறந்து வைத்த உணவை நுண்ணுயிர்கள் தின்று கெடுத்துவிடுகின்றன. அன்றோ, தின்பதற்கு எவ்வுயிரும் இல்லை. ஆகவே அப்பொருள்கள் கடலில் சேர்ந்துகொண்டே வந்தன. கடல்நீர் சூடான, நீர்த்த சூப் போல ஆயிற்று. அதிலிருந்து முதல் உயிர் தோன்றியிருக்கலாம்.

ஏறத்தாழ இதே கருத்தை, 1924-ஆம் ஆண்டிலேயே ஓபாரின் என்னும் ரஷ்ய அறிஞர் ஒரு சிறுநூலில் வெளியிட்டிருந்தார். ஹால்டேன் அதனை அறியாமலே தம் கட்டுரையை எழுதினார்.

இத்தகைய கருத்தைக் கருதுகோள் என்பர். அது முடிந்த முடிவு அன்று. சோதனைக்கு உட்பட வேண்டிய எண்ணம். 1953-ஆம் ஆண்டில், சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஸ்டான்லி மில்லர், பேராசிரியர் யூரேயின் வழிகாட்டுதலில் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குடுவைகளில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அடைத்து மின்பொறியைச் செலுத்தினார். சில நாள்களில் அமினோ அமிலங்கள் உருவாயின. அவை உயிர் அல்ல. உயிர் என்னும் வீட்டுக்கான செங்கற்கள் மட்டுமே. வீடு எழுந்த விதம் இன்றும் ஆராயப்படுகிறது. ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் முதல் உயிர் தோன்றியிருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர்.

1957-ஆம் ஆண்டில் ஹால்டேன் தம் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார். கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். இந்திய உடை உடுத்தினார். புலால் உண்பதை விட்டார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். பின்னர்ப் புவனேசுவரத்துக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார்.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஹால்டேனும் ஓபாரினும் நேரில் சந்தித்தனர். முதன்மை எவருக்கு என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. அப்பெருமை ஓபாரினுக்கே உரியது என்று ஹால்டேன் தாமே அவையில் ஏற்றுக்கொண்டார்.

1964 டிசம்பர் 1 அன்று ஹால்டேன் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விரும்பியவாறே அவரது உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் கற்பதற்காக அளிக்கப்பட்டது. சிறுவனாய்ச் சுரங்கத்தில் தன் உடலைக்கொண்டு கற்றவர், மறைந்த பின்னும் அவ்வுடலைக் கல்விக்கே தந்தார்.